அட்டவணை ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
வலது கன்னத்தில் வலியுள்ள மளிகைக் கடைக்காரன்,
பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு அட்டவணை அவர்கள்,
மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016,
புது தில்லி.

பொருள்: கண்ணுக்குத் தெரியாத வலிக்குத் தங்களிடம் ஒரு வரி இடம் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு இனங்கள் தங்கள் காலத்தில் 21 ஆகப் பெருகியது கண்டு மகிழ்கிறேன். அந்த 21ஐயும் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்துப் பார்த்தேன். என்னைக் காணவில்லை. ஆகவே இந்த விண்ணப்பம்.

என் நோய்க்கு ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்று பெயர். முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகிற ஐந்தாம் நரம்பின் வேரில், பெரும்பாலும் ஒரு ரத்தக்குழாய் உரசிக்கொண்டே இருக்குமாம். உரச உரச நரம்பின் மேலுறை தேய்ந்துபோகும். அப்புறம் பல் துலக்கினாலும், மென்றாலும், பேசினாலும், ஃபேன் காற்றுப் பட்டாலும் கன்னத்தில் கரண்ட் அடிக்கும். சில நொடிதான், மிஞ்சினால் இரண்டு நிமிடம். சிரித்தாலும் அடிக்கும் என்பதால் கடையில் நான் சிரிப்பதில்லை. கடன் கேட்டு வருவோர் குறைந்திருக்கிறார்கள். நோயால் வந்த ஒரே வரவு அதுதான்.

வந்த புதிதில் எல்லோரும் பல்லைத்தான் சந்தேகப்பட்டார்கள். கிராம்பு வைத்தோம். வலி நிற்காததால் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். நிரபராதிக்குத் தண்டனை கிடைத்தது. குற்றவாளி அப்படியே இருந்தான். அடுத்து அம்மா என்னை மந்திரிக்க அழைத்துப்போனார். பூசாரி வேப்பிலைக் கொத்தால் வலது கன்னத்தை மெல்ல வருடினார். நான் போட்ட கூச்சலில் வாசலில் கட்டியிருந்த ஆடு அறுத்துக்கொண்டு ஓடியது. “பாத்தீங்களா, எங்க உக்காந்திருக்குதுன்னு காட்டிடுச்சு” என்றார் பூசாரி. பேயைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் எங்கே தொட்டால் வலி கிளம்பும் என்று தொட்டுப் பார்த்துச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

பிறகுதான் சேலத்துக்கு ரயிலேறி நரம்பு மருத்துவரைப் பார்த்தேன். கார்பமசிபின் எழுதிக் கொடுத்தார். வலிப்புக்குக் கொடுக்கிற இந்த மாத்திரை 1960களிலிருந்து இந்த வலிக்கும் கொடுக்கப்படுகிறது. வலி பாதியாகக் குறைந்தது. போன பாதிக்குப் பதிலாகத் தூக்கமும் தலைச்சுற்றலும் வந்தன. சில்லறை எண்ணும்போது கண் சொக்குகிறது. மாத்திரை அட்டையைப் பார்த்த மருந்துக்கடைப் பையன், எனக்குக் காக்காய் வலிப்பு என்று தெருவுக்கே சொல்லிவிட்டான். சாப்பாட்டுக்குக் குறையில்லை. எங்கள் மாவட்டத்துக் கேழ்வரகுக் களியை மெல்ல வேண்டியதில்லை. உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்கிவிடலாம். முன்னோர்கள் என்னை நினைத்தே கண்டுபிடித்தார்கள் போலும்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாம் ஒன்றுக்கும் போனேன். எங்கள் ஊர் ரயில் ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் போகுமே தவிர, மாவட்டத் தலைநகரின் பக்கம் தலைவைத்துப் படுக்காது. அதனால் பஸ். ஜன்னல் காற்றுக்குப் பயந்து, சித்திரை வெயிலில் முகத்தைத் துண்டால் மூடியபடி போய்ச் சேர்ந்தேன்.

“இப்ப வலிக்குதா?”

“இப்ப இல்லீங்க சார்.”

“பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க?”

கேட்ட முகாம் மருத்துவர் மீது குற்றமில்லை. முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்க அவரிடம் கருவி உண்டு; என் கன்னத்துக்கு இல்லை. சலுகை பெற 40 விழுக்காடு பாதிப்பு வேண்டும் என்றார்கள். ராத்திரி நானே கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 1440 நிமிடம். அதில் 40 விழுக்காடு 576. அடிக்கு இரண்டு நிமிடம் என்று தாராளமாக வைத்தாலும் தினமும் 288 தடவை அடிக்க வேண்டும். அடுத்தது எப்போது அடிக்குமோ என்று பயந்துகொண்டிருக்கிற நிமிடங்களைச் சேர்த்தால் 100 விழுக்காட்டைத் தாண்டும். ஆனால் அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

இன்னொரு வேடிக்கை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்கள் சிலருக்கும் இதே வலி வரும். அந்த நோய்க்குத் தங்களிடம் இடம் இருக்கிறது. அதே கன்னம், அதே கரண்ட். காரணம் வெறும் ரத்தக்குழாய் என்றால் மட்டும் கதவு சாத்தியிருக்கிறது. ஜெனீவாவில் இருக்கும் உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் நாட்பட்ட வலிக்குத் தனி இடம் கொடுத்துவிட்டது. வலியை ஆராயும் சர்வதேசச் சங்கம் 2020இல் தன் வரையறையைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று சேர்த்தே எழுதியது. ஜெனீவாவுக்கு எட்டிய சேதி பொம்மிடிக்கு வர எந்த ரயிலோ தெரியவில்லை.

ஆகவே பணிவுடன் கோருவது:

1. வலி சோதனையைப் பொம்மிடி நடைமேடையில், எக்ஸ்பிரஸ் நிற்காமல் பறக்கும் நேரத்தில் நடத்தலாம். காற்றே சாட்சி சொல்லிவிடும்.

2. மருத்துவக் குழுவில் எங்கள் சலூன்காரரைச் சேர்க்கலாம். இடப்பக்கம் வழுவழுவென்று மழித்துவிட்டு, வலப்பக்கம் எந்த இடத்தில் கத்தியை நிறுத்த வேண்டும் என்று மயிரிழை பிசகாமல் அறிந்த ஒரே நிபுணர் அவர்.

3. இவ்விரண்டும் சிரமம் என்றால், மத்திய அரசு அறிவிக்கும் வேறு இனத்தையும் சேர்க்கலாம் என்று தங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. அரசிதழில் ஓர் அறிவிப்பு போதும், நாட்பட்ட வலியும் உள்ளே வந்துவிடும்.

உதவித்தொகை, பயணச் சலுகை எல்லாம் மெதுவாக வரட்டும். முதலில் ஒரு காகிதம் கொடுங்கள். “பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க” என்று கேட்கிறவர்களிடம் அதை நீட்டிவிடுவேன். வாயால் பதில் சொன்னால் வலிக்கிறது.

இப்படிக்கு,
பார்த்தால் நன்றாக இருப்பவன்.

இணைப்பு: பாஸ்போர்ட் அளவு புகைப்படம் – 1 (தாடி ஒரு பக்கம் மட்டும், அச்சுப்பிழை அல்ல).