வேருக்கு வாசல் வைத்த வள்ளல்கள்

பாகலூர்ப் பக்கம் மனை விற்பவர்களைப் போல மரநேசர்களை நான் பார்த்ததில்லை. நேற்றுவரை ராகியும் தக்காளியும் விளைந்த நிலத்தில் கல் நட்டு, ஆர்ச் கட்டி, ‘பெங்களூருக்குப் பக்கம், தமிழ்நாட்டு விலை’ என்று போர்டு வைப்பதற்குள், இருபுறமும் கோனோகார்பஸ் அணிவகுத்துவிடும். வேம்பும் புங்கனும் ஆற அமர வளரும் சோம்பேறிகள். இதுவோ சோமாலியா, ஏமன் பக்கத்து உழைப்பாளி. வாங்குகிறவர் அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் பச்சைப்பசேலென்று நிற்கவேண்டும் என்ற பொறுப்பு தெரிந்த மரம். குவைத்தில் நிலத்தடிக் குழாய் பழுதுபார்ப்பவர்களுக்கு ஓயாமல் வேலை வாங்கிக்கொடுத்த புண்ணியமும் இதற்கு உண்டு. குஜராத் அரசு 2023-இல் இதை நடக்கூடாது என்றது. தமிழ்நாட்டு அரசும் பிறகு அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டது. அரசாங்கங்களுக்கு ரசனை கொஞ்சம் மட்டு.

அடுத்த பெருமை மேஸ்திரிக்கு. நாலு இஞ்ச் பைப்பைச் சாக்கெட்டில் சொருகும்போது சுற்றிலும் சொல்யூஷன் தடவுகிறவன், ஒரு வேருக்குக்கூட வழிவிடாத ஈரமில்லாத மனசுக்காரன். நம்மவர் மேல்பக்கம் ஒரு இழுப்பு இழுப்பார். கீழ்ப்பக்கத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார். அடியில் மணல் பரப்பாமல் செங்கல் துண்டின் மேலேயே பைப்பைக் கிடத்தி மண்ணைத் தள்ளிவிட்டால், ஜல்லி லாரி ஒருமுறை ஏறி இறங்கியதும் ஜாயிண்ட் தானே வாய் திறக்கும். இரண்டடிக்கு ஒன்றாகச் சிமெண்ட் பூசி இணைத்த பழைய மண்குழாய் என்றால் லாரிகூட வேண்டாம்.

வேர் பாவம், ஒழுங்கான பைப்பைத் துளைக்கத் தெரியாதது. கசிகிற ஈரத்தை மோப்பம் பிடித்து, முடி கனத்தில் உள்ளே எட்டிப் பார்க்கும். அங்கே வருஷம் முழுக்கத் தண்ணீர், உரத்தோடு. பாகலூர்ப் பசுமைக்குடில்களில் ரோஜாச் செடிக்குச் சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றுகிறார்கள்; நாம் காலையும் மாலையும் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிறோம். பிறகு ஒருநாள் சேம்பர் மூடியைத் தூக்கி இழுத்தால் சவுரி மாதிரி கற்றையாக வந்துகொண்டே இருக்கும். நடுநடுவே நாப்கின், எண்ணெய்ப் பிசுக்கு, யாரோ எப்போதோ தொலைத்த பல்துலக்கி. பெங்களூர்க் கழிவு எல்லை தாண்டி, தென்பெண்ணையில் நுரை பொங்கக் கெலவரப்பள்ளி அணைவரை சிரமமில்லாமல் வந்து சேர்கிறது. நம் வீட்டுக் கழிவுக்கு வாசலில் இருக்கும் செப்டிக் டேங்குக்குப் போக வழியில்லை.

வீட்டுக்காரர்களின் மருத்துவ அறிவையும் சொல்லியாக வேண்டும். முதலில் ஆசிட். அது வேரைவிட்டுவிட்டு டாய்லெட் பீங்கானைப் பதம் பார்க்கும். அடுத்து மயில்துத்தம்; அது கலந்த தண்ணீர் பட்ட வேர் கருகும், பைப்புக்கு வெளியே மரம் சௌக்கியமாக இருக்கும், அளவு மீறினால் டேங்கில் மலத்தைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் போய்ச்சேரும். கடைசியில் ராடு போடும் ஆள். அவர் நுனியை வெட்ட, அது இன்னும் செழிப்பாகக் கிளைக்க, அவருக்கு வாடிக்கை நிரந்தரம். ‘ஜாயிண்டைத் தோண்டி மாத்திடலாம் சார், கையோட மரத்தையும் எடுத்துட்டு, தள்ளி ஒண்ணு வெச்சுக்கலாம்’ என்று ஒரு பிளம்பர் சொல்லிப் பார்த்தார். போர்டிகோ டைல்ஸ் உடையுமே! டைல்ஸ்மேல் வைத்த பாசத்தில் பாதி பைப்மேல் வைத்திருந்தால் அந்த மனிதர் பிழைப்பு என்னாவது?

இவர்கள் எல்லாரையும்விட உயர்ந்தவர், வேர் டேங்குக்குள்ளேயே இறங்கிவிட்டது என்றதும் ஐந்நூறு ரூபாயும் ஒரு குவார்ட்டரும் தாராளமாக எடுத்துக்கொடுத்து ஆளை உள்ளே இறக்குகிறவர். 2013-ஆம் வருஷச் சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்கினால் முதல் தடவைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. விஷவாயுவுக்கு மூடியைத் திறந்து பத்து நிமிஷம் விட்டால் போதும் என்ற விஞ்ஞானம் அவருக்குத் தெரியும். கயிறுகூடக் கட்டவிடமாட்டார், ஆள்மேல் அவ்வளவு நம்பிக்கை.