வைத்தியரும் வேண்டுதலும்

கேள்வி: அறுவைச் சிகிச்சையில் உயிர் ஊசலாடி மீண்ட சிறுவன், சுவர்க்கத்தைக் கண்டதாகக் கூறும் ‘ஹெவன் இஸ் ஃபார் ரியல்’ (2014) என்ற அமெரிக்கப் படத்தைக் குடும்பத்துடன் பார்த்தேன். நம்மிடம் இத்தகைய சித்திரம் உண்டா?
— தொழிற்பேட்டைத் தொழிலாளி, காக்களூர்

பதில்: 1969-லேயே, சாண்டோ சின்னப்பா தேவரின் தயாரிப்பில், எம்.ஏ. திருமுகத்தின் இயக்கத்தில் வெளிவந்த ‘துணைவன்’ இருக்கிறதே! பிணியுற்ற மகவுக்காக ஏ.வி.எம். ராஜனும் சௌகார் ஜானகியும் முருகன் தலங்களை நாடிச் செல்லும் அக்கதைக்கும் தாங்கள் கண்டதற்கும் முக்கிய பேதம் ஒன்றே: அங்கே குழந்தை சுவர்க்கம் வரை போய்த் தெய்வத்தைக் காண்கிறது, இங்கே, பிரயாண சிரமத்தைத் தெய்வமே ஏற்றுக்கொண்டு, சிறுமி ஸ்ரீதேவியின் உருவில் குழந்தையாகவே பூமிக்கு வந்துவிடுகிறது.

மூச்சு தடுமாறும் தருணத்தில் தோன்றுவது மூளையின் காட்சியா, மெய்யான தரிசனமா என்பதை வைத்திய சாஸ்திரம் இன்னும் அறுதியிட்டுரைக்கவில்லை. ஆயினும், தங்கள் ஊருக்கு அண்மையில், வைத்தியர் என்ற பட்டத்தையே திருநாமத்தில் பூண்டுள்ள திருவள்ளூர் வீரராகவர் சந்நிதியில், குழந்தையின் ஜுரம் தணிய வேண்டிக் குளத்தில் வெல்லம் கரைக்கும் தாய், முந்தானை முடிச்சில் மருந்துச் சீட்டையும் பத்திரமாக வைத்திருப்பாளே, அவளுடைய பக்தியே எனக்குச் சிலாக்கியமாகப் படுகிறது. அவளைப் பற்றி யாரேனும் படமெடுத்தால், முதல் நாளே வந்து பார்ப்பேன்.