சேலம் கெட்டுப்போச்சுங்களா?

தம்மம்பட்டியில் உட்கார்ந்து பார்த்தால்தான் சேலம் சரியாகத் தெரியும். சேலத்துக்காரர்கள் அதற்குள்ளேயே இருப்பதால் ஊர் தினம் தினம் மாறுவது அவர்கள் கண்ணில் படாது. எங்களுக்கு அப்படியில்லை. கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க, கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க, பெரியாஸ்பத்திரியில் யாரையாவது சேர்க்க என்று எப்போதாவதுதான் போவோம். ஒவ்வொரு முறையும் தெரிந்த கட்டடம் ஒன்று காணாமல் போயிருக்கும். தெரியாத கட்டடம் இரண்டு எழும்பியிருக்கும். திரும்பி வந்ததும் டீக்கடை பெஞ்சில் அறிக்கை சமர்ப்பித்தாக வேண்டும். அறிக்கையோடு தீர்ப்பும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சேலம் கெட்டுப்போச்சா, தேறிடுச்சா? "பரவால்லீங்க" என்று நழுவுகிறவனை எங்கள் பெஞ்சில் ஓரமாகக்கூட உட்கார விடமாட்டார்கள்.

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவில், சுவேத நதிக் கரையில், சேலம் மாவட்டத்தின் மூலையில் கிடக்கிற பேரூராட்சி எங்களுடையது. மேற்கே மங்களபுரம் பக்கம் போனால் நாமக்கல் மாவட்டம் வந்துவிடும். தெற்கே துறையூர் பக்கம் போனால் திருச்சி மாவட்டம். 1965-ல் தர்மபுரி பிரிந்து போனது, 1997-ல் நாமக்கல் பிரிந்து போனது. ஒவ்வொரு முறையும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் "நம்மளையும் கூட்டிட்டுப் போயிருவாங்களோ" என்று பயந்திருக்கிறார்கள். யாரும் கூப்பிடவில்லை. அதில் அவர்களுக்கு இன்றும் வருத்தம். வேடிக்கை என்னவென்றால், மாவட்டம் இளைக்க இளைக்கச் சேலம் நகரம் பெருத்துக்கொண்டே வந்தது. 1866-ல் நகராட்சி, 1994-ல் மாநகராட்சி, அப்புறம் ஸ்மார்ட் சிட்டி. இந்தக் கடைசிப் பட்டம் வந்த பிறகு எங்கள் பெரிய மாமா சேலத்துக்குப் போகும்போது வேட்டியை இஸ்திரி போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

பெரிய மாமா ஓய்வுபெற்ற வாத்தியார். 'கெட்டுப்போச்சு' கட்சிக்கு நிரந்தரத் தலைவர். எதிர்க்கட்சியான 'தேறிடுச்சு' கட்சிக்குத் தலைவர் என் மச்சான். அவன் சீலநாயக்கன்பட்டிப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் வீடு வாங்கியிருக்கிறான். மாதா மாதம் பேங்குக்குத் தவணை போகிறது. வீட்டுக்கடன் கட்டுகிறவனுக்கு, வாங்கிய ஊர் கெட்டுப்போய்விட்டது என்று ஒப்புக்கொள்ள வசதிப்படாது. மாமாவுக்கோ பென்ஷன். எதைச் சொல்லவும் அவருக்கு வசதி உண்டு.

பொங்கலுக்கு மச்சான் ஊருக்கு வந்தால் விவாதம் மாடர்ன் தியேட்டர்சில்தான் ஆரம்பமாகும்.

"1935-ல டி.ஆர். சுந்தரம் ஆரம்பிச்சாருடா. நூத்துக்கும் மேல படம். 1956-ல 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழ்ல மொத முழுநீளக் கலர் படம், ஏற்காடு ரோட்டுல எடுத்தது. இன்னைக்குப் போய்ப் பாரு. முகப்பு வளைவு மட்டும் நிக்குது. உள்ள பூராவும் வீடு."

"வீடுன்னா கெட்டதா மாமா? மனுசங்க குடியிருக்காங்க. அலிபாபா குகைல யாரு குடியிருக்க முடியும்?"

"கலை போச்சுடா!"

"நீங்க உள்ள போய்ப் பாத்திருக்கீங்களா மாமா?"

இந்தக் கேள்வி வந்ததும் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். அவர் உள்ளே போனதில்லை. படிக்கிற காலத்தில் கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார். எம்.ஜி.ஆர். வருவார் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு பகல் முழுக்க நின்றாராம். உள்ளே போனது சாப்பாட்டுக் கேரியர்கள், வெளியே வந்தது காலிக் கேரியர்கள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பகலைப் பற்றி அவர் சந்தோஷமாகவே பேசுவார். "நல்ல மரநிழல்டா. பக்கத்துல ஒருத்தன் கடலை வித்தான். பொழுது போனதே தெரியல."

மச்சான் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் கவனிக்காத சங்கதி அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். மாமா இழந்தது கலையை அல்ல. காசு கொடுக்காமல், யாரும் விரட்டாமல், ஒரு பகல் முழுக்கச் சும்மா நிற்கக் கிடைத்த இடத்தை.

இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சேலத்தைப் பாருங்கள். 2020 ஜூனில் ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலத்தைத் திறந்தார்கள். நீளம் ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேல். அதன்மேல் காரில் போனால் சுகமாக இருக்கும், மறுப்பதற்கில்லை. மச்சான் என்னை ஒருநாள் அதற்காகவே கூட்டிப் போனான். இந்தப் பக்கம் சேர்வராயன் மலை, அந்தப் பக்கம் மொட்டைமாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும். "பாத்தீங்களா, அஞ்சு நிமிசம்!" என்றான். சேலத்தைப் பார்க்கத்தான் தம்மம்பட்டியிலிருந்து வந்தேன். சேலத்தைப் பார்க்காமல் கடந்து போவதற்கு இத்தனை வசதி செய்து வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. திரும்பும்போது பாலத்துக்கு அடியில் இறங்கிக்கொண்டேன். கீழே அதே ஐந்து ரோடு, அதே ஹாரன். கூடுதலாகத் தூண்கள். ரோட்டைக் கடக்க நின்றபோது எனக்கு முன்னாலேயே ஒரு பாட்டி கூடையோடு நின்றுகொண்டிருந்தார். "எவ்வளவு நேரமா நிக்கறீங்க ஆயா?" என்றேன். "மேல போறவங்க எல்லாம் போய் முடியட்டும் கண்ணு" என்றார். மேலே போகிறவர்களுக்கும் கீழே கடப்பதற்கும் சம்பந்தமில்லை என்பதை விளக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருவேளை அவர் சொன்னதுதான் சரியோ என்னவோ.

பழைய பஸ் ஸ்டாண்டும் இப்போது ஈரடுக்கு. 2023-ல் திறந்தார்கள். டவுன் பஸ் மாடி ஏறுகிறது. மாமா முதன்முதலில் இதைக் கேட்டபோது நம்பவில்லை. மாடிப்படி ஏறவே தமக்கு மூட்டு வலிக்கிறது, பஸ் எப்படி ஏறும் என்றார். நேரில் பார்த்துவிட்டு வந்து, ஏறுவது சரி, இறங்கி வெளியே வருவதுதான் கொண்டயம்பள்ளி ஜல்லிக்கட்டு வாடிவாசல் மாதிரி இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். நாங்கள் ஜல்லிக்கட்டுச் சீமைக்காரர்கள் ஆகையால் ஒதுங்கத் தெரியும். மற்றவர்கள் பாடு அவரவர் குலதெய்வம் விட்ட வழி.

ஆனால் கெட்டுப்போச்சு கட்சிக்காரர்களைப் போலக் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. ஒரு காலத்தில் எங்கள் பக்கம் யாருக்காவது நெஞ்சுவலி என்றால் சென்னையா, வேலூரா, கோயம்புத்தூரா என்று குடும்பமே விவாதம் நடத்தும். விவாதம் முடிவதற்குள் நோயாளி முடிந்துவிடுவதும் உண்டு. இப்போது சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் நேரே போகிறது. உளுந்தூர்ப்பேட்டை நாற்கர சாலை வந்தபிறகு ஆத்தூரிலிருந்து வாழப்பாடி வழியாகச் சேலம் போகிற நேரமும் குறைந்திருக்கிறது. பெரிய மாமாவின் நெஞ்சுக்குள் இன்று ஒரு ஸ்டென்ட் இருக்கிறது. அதை வைத்தது கெட்டுப்போன சேலம்தான். இதை மச்சான் நினைவுபடுத்தினால், "அது டாக்டர் வச்சதுடா, ஊரா வச்சுது?" என்பார்.

கன்னங்குறிச்சி மூக்கனேரியையும் சொல்ல வேண்டும். 2010-ல் சேலம் மக்கள் குழு என்ற அமைப்பில் சேர்ந்த நகரவாசிகள் அந்த ஏரியைத் தூர்வாரி, நடுநடுவே மண் திட்டுகள் போட்டு மரம் வைத்தார்கள். பறவைகள் வந்தன. அங்கே மட்டும் சேலத்துக்காரர்கள் காரியமில்லாமல் நிற்பதைப் பார்த்தேன். சிலர் கையில் செல்போன்கூட இல்லை! அதற்கு நேர்மாறாகத் திருமணிமுத்தாறு. கரையைக் கான்கிரீட் போட்டுக் கட்டினார்கள். உள்ளே ஓடுவதைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் படிப்பவர்களும் இருப்பீர்கள், விட்டுவிடுகிறேன். விமானமும் உண்டு. 2018-ல் வந்தது, நடுவில் நின்றது, 2023-ல் திரும்ப வந்தது. தம்மம்பட்டியில் அதனால் யாருக்கும் லாபமோ நட்டமோ இல்லை.

தட்டுவடை செட்டு மட்டும் மாறவில்லை என்பதில் இரண்டு கட்சிகளுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. தட்டைக்கு நடுவே கேரட், பீட்ரூட் துருவலும் இரண்டு சட்னியும் வைத்து நீட்டுகிறார்களே, அதை உட்கார்ந்து சாப்பிட முடியாது. நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். அதனால் நிற்க இடம் விட்டுத்தான் வண்டியைப் போடுகிறார்கள். நகரத் திட்டமிடல் படித்தவர்கள் ஒரு சாயங்காலம் அந்த வண்டிக்காரரிடம் பாடம் கேட்கலாம்.

என் தீர்ப்பை இப்போது சொல்லிவிடுகிறேன். சேலம் போகிறவனுக்கு நன்றாகியிருக்கிறது, நிற்கிறவனுக்குக் கெட்டிருக்கிறது. வெளியூர்க்காரன் நகரத்தில் செய்கிற முக்கிய வேலையே காத்திருப்பதுதான். பஸ்ஸுக்கு, டோக்கனுக்கு, சாப்பிடப் போன கிளார்க்குக்கு, ஜவுளிக்கடைக்குள் போன அத்தைக்கு. அத்தை நாலு மாடி ஏறி இறங்கி வரும்வரை மாமா எங்கே நிற்பார்? முன்பு புளியமரமோ தூங்குவாகையோ இருந்தது. இப்போது ஏசி போட்ட பேக்கரி இருக்கிறது. உள்ளே போனால் காபி வாங்க வேண்டும். காபி தீர்ந்தால் பையன் வந்து "வேற என்ன சார்?" என்பான். மரம் அப்படிக் கேட்டதில்லை.

அந்தத் தூங்குவாகை மரங்கள் எங்கே போயின என்று கேட்டால், எங்கள் ஊர்ப் பட்டறைகளைக் கைகாட்டலாமோ என்று எனக்கொரு சந்தேகம். தம்மம்பட்டி மரச்சிற்பம் கேள்விப்பட்டிருப்பீர்கள். தசாவதாரம், கஜலட்சுமி, யாளி, சாமி வாகனம் எல்லாம் இங்கே வாகையிலும் மாவிலிங்கத்திலும் செதுக்குகிறார்கள். நகரம் பெருக்கப் பெருக்க எங்களுக்கு ஆர்டரும் பெருகுகிறது. அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் வாசக்கதவில் கஜலட்சுமி வேண்டும். மச்சான் வீட்டுக் கதவிலும் தம்மம்பட்டி கஜலட்சுமிதான். ஏதோ ஒரு ரோட்டோரத்தில் நிழல் கொடுத்த மரம் இங்கே வந்து லட்சுமியாகி, நகரத்துக்குத் திரும்பிப்போய் ஏழாவது மாடியில் குடியிருக்கக்கூடும். முன்பு அதன் அடியில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். இப்போது காலிங்பெல் அடிக்க வேண்டும். ஆகவே சேலம் கெட்டால் எங்கள் ஆசாரிகளுக்கு நல்லது என்றும் ஒரு கட்சி ஆரம்பிக்கலாம். ஆள் சேரும்.

இவ்வளவு பேசுகிற நாங்கள் சும்மா இருக்கிறோமா? ஊர் எல்லையில் மரவள்ளிக்கிழங்கு போட்ட காடுகளில் கலர் கலராகக் கொடி நட்டிருக்கிறார்கள். "பேருந்து நிலையம் மிக அருகில்" என்று போர்டு. நடந்து பார்த்தேன். அது மிக அருகில் இருப்பது பச்சைமலைக்குத்தான். மாமாவே அதில் ஒரு மனை வாங்கிவிட்டார். "ஊரு வளருதில்லடா, விட்டுட்டா கிடைக்காது" என்று அவர் சொன்னபோது மச்சான் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு டீ சொன்னான். அந்த மனைப்பிரிவில் முப்பதடி ரோடு உண்டு, பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடமும் வரைபடத்தில் பச்சையாக உண்டு. நேரில் அங்கே ஜல்லி கொட்டி வைத்திருக்கிறார்கள்.

சேலத்தை ஆள்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்றாவது அடுக்கு எதையாவது கட்ட உத்தேசம் இருந்தால் தாராளமாகக் கட்டுங்கள், மச்சானுக்குப் பிடிக்கும். அதோடு ஐந்து ரோட்டில், ஆஸ்பத்திரித் தெருவில், ஜவுளிக்கடை வாசலில் எல்லாம் ஒரு வாகைக் கன்றும் ஒரு கல் பெஞ்சும் போட்டுக் கொடுங்கள். கன்று வளரும்வரை மாமாவுக்குக் குடை நாங்களே வாங்கிக் கொடுத்து அனுப்புகிறோம்.