கடல் ஏறினால் ஊர் எங்கே போகும்?

கே: கடல் மட்டம் உயர்ந்து ஊரையே காலி செய்தவர்கள் நிஜமாகவே இருக்கிறார்களா, இல்லை இனிமேல்தானா?

ப: நடந்தாகிவிட்டது. பனாமாவின் கரீபியன் கரையோரம் கார்டி சுக்துப் என்றொரு குட்டித் தீவு. குனா பழங்குடியினரின் ஊர். 2024 ஜூனில் சுமார் 300 குடும்பங்கள் எதிர்க்கரைக்குக் குடிபெயர்ந்தன. புது ஊரின் பெயர் இஸ்பெர்யாலா.

கே: அரசாங்கம் முந்திக்கொண்டு காப்பாற்றியது என்று சொல்லுங்கள்!

ப: சொல்ல மாட்டேன். 2010 வாக்கிலேயே கிளம்பத் தீர்மானித்தது ஊர்தான். குடியேறச் சுமார் 17 ஹெக்டேர் ஒதுக்கியதும் ஊர்தான். அவர்களுடைய சொந்தப் பூமி. அரசு கட்டவேண்டியது வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. தவணைமேல் தவணையாகத் தள்ளிப்போட்டே 14 ஆண்டுகள் ஓடின. அத்தனை ஆண்டும் காற்றடிக்கும் மாதங்களில் கடல் தெருவுக்குள் வந்தது, வீட்டுத் தரையில் ஏறியது. ஒருவழியாக வீடுகள் எழும்பியபோது ஆஸ்பத்திரிக் கட்டடம் பாதியில் கைவிடப்பட்டுக் கிடந்தது. அந்த 14 ஆண்டுகளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கே: தீவுக்காரர்களே பவளப்பாறையை உடைத்தார்களாமே?

ப: உடைத்தார்கள். ஜனம் பெருகி இடம் போதாமல், பவளக்கல்லைக் கொட்டித் தீவை அகலப்படுத்தினார்கள். அலைக்குத் தடுப்பாக நின்ற பாறை அதனால் மெலிந்தது உண்மை. ஆனால் கடல்நீர் சூடேறி விரிவதற்கும் பனிப்பாறைகள் உருகுவதற்கும் மீன்பிடித்துப் பிழைக்கும் ஆயிரத்துச் சொச்சம் பேர் காரணமில்லை. மன்னார் வளைகுடாவில் நாமும் சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டினோம். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. நல்லவேளை, அங்கே குடியிருப்பு இல்லை.

கே: இஸ்பெர்யாலாவுக்குப் போனவர்களுக்குப் புது வீடு பிடித்திருக்கிறதா?

ப: தரை நனையாது, நெருக்கடி இல்லை. ஆனால் நாணல் சுவரும் ஓலைக்கூரையுமாக வாழ்ந்தவர்களுக்குக் கிடைத்தது சிமென்ட் வீடு. வாசலில் இருந்த கடலுக்கு இப்போது நடந்து போகவேண்டும். சிலர் தீவிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கே: கடலில் மூழ்கும் அபாயத்தில் இருக்கும் தீவு நாடான துவாலுவையே ஆஸ்திரேலியா அழைத்துக்கொள்கிறதாமே?

ப: இரு நாடுகளின் ஒப்பந்தப்படி, குலுக்கல் போட்டு ஆண்டுக்கு 280 பேருக்கு மட்டும் விசா. மக்கள்தொகையோ சுமார் 10,000. 2025-ல் முதல் குலுக்கலுக்கே நாட்டில் பெரும்பாலோர் பெயர் கொடுத்தார்கள். ஊரை வெறுத்தவர்கள் என்று அவர்களை நினைத்துவிடாதீர்கள். இந்த விசாவில் விரும்பியபோது திரும்பி வரலாம். நிலம் மூழ்கினாலும் துவாலு ஒரு நாடாகவே தொடரும் என்பதையும் அதே ஒப்பந்தம் ஏற்கிறது. நான் பெரிதாக மதிப்பது அந்த ஷரத்தைத்தான்.