ஐந்து பந்து, பூஜ்யம் ரன்

கே: மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர் கோர்ட்னி வால்ஷை இப்படிக் கொண்டாடுகிறீர்களே! மார்ஷல், ஹோல்டிங் வரிசையில் அவர் பின்னால்தானே நிற்பார்?

ப: நின்றார்தான். 1984இல் பெர்த்தில் முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு முன்னால் மார்ஷல், ஹோல்டிங், கார்னர். ஆரம்ப வருடங்களில் பெரும்பாலும் புதுப்பந்து மற்றவர்களுக்கு. பழைய பந்தும் எதிர்க்காற்றும் இவருக்கு. முகம் சுளிக்காமல் வீசினார். 2001இல் டெஸ்டில் 500 விக்கெட்டைத் தொட்ட முதல் மனிதர் ஆனார். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவருக்குத்தான் பாயசம் அதிகம்!

கே: கபில்தேவின் டெஸ்ட் விக்கெட் சாதனையை உடைத்தாரே என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

ப: 1994இல் கபில் ஹாட்லியின் 431ஐத் தாண்டியபோது நியூஸிலாந்துக்காரர்கள் யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது? கபிலின் 434ஐ வால்ஷ் 2000இல் தன் சொந்த ஊரான கிங்ஸ்டனில் தாண்டினார். வால்ஷின் 519ஐ 2004இல் கண்டிக்காரர் முத்தையா முரளிதரன் தாண்டிவிட்டார். கோபத்தை விடுங்கள்.

கே: வேகப்பந்து வீச்சாளரின் உடம்பு 17 வருடம் எப்படித் தாங்கியது?

ப: டெஸ்டில் மட்டும் 30,019 பந்துகள். அதுபோக, குளோஸ்டர்ஷயருக்காகக் கவுண்டி ஆட்டங்கள். வயது ஏற ஏற வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கட்டரையும் மெதுவான பந்தையும் நம்பினார். 37 வயதில், 2000ஆம் வருட இங்கிலாந்துத் தொடரில், 34 விக்கெட். ஓவல் மைதானத்தில் அவரும் சக வீச்சாளர் அம்ப்ரோஸும் நடந்து வர, எதிரணியினரே இருபுறமும் நின்று மரியாதை செய்தார்கள்.

கே: 1987 உலகக் கோப்பையில், லாகூரில் பாகிஸ்தானுக்கு எதிராகச் செய்தது ஏமாளித்தனம்தானே?

ப: கடைசி ஓவர், கடைசி விக்கெட் ஜோடி. பந்துவீச ஓடி வந்தால், மறுமுனையில் சலீம் ஜாஃபர் கோட்டை விட்டு வெளியே போய்விட்டார். பெயில்ஸைத் தட்டியிருந்தால் ஆட்டம் முடிந்தது. விதியும் வால்ஷ் பக்கம். தட்டியிருந்தால் நான் ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்க மாட்டேன். அவரோ நின்று, எச்சரித்து, திரும்பி நடந்தார். கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேண்டும். அப்துல் காதிர் எடுத்துவிட்டார். முந்தைய மூன்று உலகக் கோப்பையிலும் இறுதிக்குப் போன அணி, அந்த முறை அரையிறுதியைக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை விலை கொடுத்துப் பெருந்தன்மை காட்டியவரை ஏமாளி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கே: பேட்டிங்கைப் பற்றிப் பேச்சே காணோம்?

ப: டெஸ்டில் 43 டக். இந்தச் சாதனையை யாரும் நெருங்க ஆசைப்படவில்லை! ஆனால் 1999, பார்படாஸ். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 308 இலக்கு. 302இல் ஒன்பதாவது விக்கெட்டும் போய், வால்ஷ் மட்டையோடு வந்தார். ஐந்து பந்துகளைத் தாக்குப்பிடித்தார். மறுமுனையில் நின்ற லாரா வெற்றி ரன்னை அடித்தார். லாராவுக்கு 153 நாட் அவுட். வால்ஷுக்கு பூஜ்யம் நாட் அவுட். அந்தப் பூஜ்யம் இல்லாவிட்டால் அந்த 153 தோற்றுப்போன இன்னிங்ஸ்.