நுங்கு வண்டியில் நுண்பாகங்கள்: ஓர் அளவையியல் நோக்கு

பந்தயக் காரின் சிறுவடிவம் செய்யும் சான்றோர் 1/24 என்னும் அளவைப் பெரிதும் போற்றுவர். பெட்டியில் வந்த பிளாஸ்டிக் உறுப்புகளை ஒட்டிவிட்டு எழுந்து போகிறவருக்கு அவர்களிடம் மதிப்பில்லை. பிளக் வயரும் சீட் பெல்ட் கொக்கியும் கைவேலையாக இருக்க வேண்டும். அசலில் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள வயர், இந்த அளவில் 0.3 மில்லிமீட்டருக்குச் சிறுத்துவிடும். ஒட்டும்போது தும்மல் வரக் கூடாது.

புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளி இதற்கு மாறானது. ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கம் கோடையில் நுங்கைத் தின்றதும் இரண்டு கோந்தைகள் மிஞ்சும். நடுவில் ஓர் அச்சுக்குச்சி, பையன் தள்ளுவதற்கு ஒரு கவட்டைக் கம்பு, வண்டி தயார். அளவை நிர்ணயிப்பது பனைமரம். அசல் என்று 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஜோர்டான் காரை வைத்துக்கொள்வோம். அதன் சக்கர விட்டம் சுமார் 66 சென்டிமீட்டர். கோந்தை 11 என்று கொண்டால் அளவு 1/6.

இங்கிருந்துதான் சிக்கல். அன்றைய ஃபார்முலா ஒன் விதிப்படி ஓட்டுநரோடு சேர்த்துக் காரின் எடை 600 கிலோவுக்குக் குறையக் கூடாது. நீளம் ஆறில் ஒன்றானால் எடை 216இல் ஒன்றாகும். அதாவது இரண்டே முக்கால் கிலோ. நுங்கு வண்டி ஒரு கிலோவைத் தொட்டாலே அதிகம். ஆக, மீதி எடைக்கு நுண்பாகம் சேர்ப்பது அலங்காரமன்று, விதிக்குக் கீழ்ப்படிதல். ஓட்டுநரின் எடையைச் சேர்க்கலாமே என்பார்க்கு மறுப்பு: அவன் வண்டியில் ஏறுவதே இல்லை, முழு அளவில் பின்னால் ஓடிவருகிறான். மாட்டுவண்டிப் பந்தய வழக்கில் சொன்னால் சாரதியும் அவனே, மாடும் அவனே. உயரத்தை வைத்து, சிறிய மாடுகளுக்கான பூஞ்சிட்டுப் பிரிவில் சேர்க்கலாம்.

சேர்க்கப்படும் பாகங்களைப் பார்த்தால் ஆய்வாளர் திகைப்பார். சோடா மூடியில் ஹெட்லைட், அட்டையில் 'டி.என். 55' நம்பர் பிளேட், கீழே ஓர் எலுமிச்சம்பழம், வாயால் ஹாரன். ஃபார்முலா ஒன் காரில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. இதைப் பிழை என்பது அவசரம். சோழவரத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் நடந்த கார்ப் பந்தயங்களைப் பையன் பார்த்ததில்லை. அவன் கண்ட பந்தயம், திருச்சி சாலையில் இரண்டு தனியார் பஸ்கள் நடத்துவது. அந்தப் பந்தய வண்டிக்கு ஹாரன்தான் என்ஜின். அவன் வேலை அச்சு அசல்.

சேறு படிந்த தோற்றத்துக்கு வெளியூர்க் கலைஞர்கள் புட்டியில் சாயம் வாங்குகிறார்கள். இங்கே செம்மண் அதைத் தெருவிலேயே பூசிவிடுகிறது.

புகைக்குழாய்க்குப் பப்பாளிக் காம்பு சிறந்தது. சாயங்காலத்துக்குள் வாடிவிடும் என்பது ஒன்றே குறை. கோந்தையும் வெயிலில் காய்ந்து சுருங்கும். ஒன்பதரை சென்டிமீட்டருக்கு இறங்கிவிட்டால் வண்டியின் அளவு 1/7. நம்பர் பிளேட்டைப் புதிதாக வெட்ட வேண்டும்.