கூலி கேட்காத கை

கேள்வி: சிம்பொனிக்காகச் சம்பளமே வாங்காமல் உழைக்கிறவர்கள் இருக்கிறார்களாமே, நம்பலாமா? (வாசகர், செஞ்சி)

பதில்: செஞ்சிக்காரர் கேட்கிற கேள்வியா இது? பக்கத்து மேலச்சேரி திரௌபதி அம்மனுக்கு விடிய விடிய பாரதக் கூத்து நடந்தால், பந்தக்கால் நடுகிறவருக்கும் நடுராத்திரியில் கூத்துக்காரர்களுக்கு டீ ஆற்றித் தருகிறவருக்கும் எந்த ஆபீஸில் சம்பளம்?

சிம்பொனியிலும் அப்படித்தான். அமெரிக்காவில் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவோடு பாடும் டாங்கிள்வுட் விழாப் பாடகர் குழு 1970-ல் தொடங்கியது. பாடகர்கள் தன்னார்வலர்கள், வேறு வேலை பார்த்துக்கொண்டே ஒத்திகைக்கு வருகிறவர்கள்.

ஒன்று மட்டும்: இளையராஜாவின் சிம்பொனியை 2025 மார்ச் 8-ல் லண்டனில் வாசித்த ராயல் ஃபில்ஹார்மோனிக் கலைஞர்களுக்கு அதுதான் பிழைப்பு. நம்மூர் கூத்துக்காரருக்கும் அப்படியே. கலைஞருக்குக் கூலியைக் குறைக்காதீர்கள். சும்மா உழைக்க வேண்டியது நாம்தான். அடுத்த கூத்துக்கு நீங்களும் ஒரு கை கொடுங்கள்.